அம்மாவின் சுங்குடியில் ஒரு குறிப்பேடு: கையால் தைத்த பைண்டிங்கும் ஐந்து மாத அனுபவமும்

ஒரு குறிப்பேட்டுக்கு 58 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன் என்று வீட்டில் சொன்னபோது, அதில் ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்றுதான் என் கணவர் முதலில் கேட்டார். இல்லை. 192 பக்கங்களும் வெறுந்தாள். ஒரு கோடுகூடக் கிடையாது. ஏ5 அளவு, துணி போர்த்திய கெட்டி அட்டை, நூலால் தைத்த முதுகு. அட்டைமேல் இருப்பது என் அம்மா மதுரையிலிருந்து கொண்டுவந்த அரக்குச் சிவப்புச் சுங்குடிச் சேலையின் ஒரு துண்டு. துணியை நாம் கொடுத்தால் அதைக் கொண்டே குறிப்பேடு தைத்துக் கொடுக்கும் ஓர் இளம்பெண்ணின் சேவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் தனியாளாக வேலை செய்பவர், மாதத்துக்கு நான்கு குறிப்பேடுகளுக்கு மேல் ஏற்பதில்லை, ஆண்டு இறுதி வரை கைநிறைய வேலை இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். இப்படிப்பட்ட பைண்டர்கள் இப்போது நம் ஊரில் பலர் இருக்கிறார்கள். எவரிடம் வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

அவரை நான் முதலில் கண்டது ஒரு வாரயிறுதிச் சந்தையில். ஹாஜி லேன் பக்கம் போனாலும், ஆர்ச்சர்ட் சாலையில் 2019இல் திறந்த டிசைன் ஆர்ச்சர்டுக்குள் நுழைந்தாலும், உள்ளூர்க்காரர்கள் தயாரித்த பொருள்களுக்கு இன்று நல்ல வரவேற்பு இருப்பது கண்கூடு. சோப்பு, மெழுகுவத்தி, பீங்கான் குவளை, தோல் பணப்பை, பின்னல் பை என்று மேசைகள் நிறைந்திருக்கின்றன. அதே வேகத்தில் ‘கையால் செய்தது’ என்ற சொல்லும் மலிந்துவிட்டது. கைவினைப் பொருள்களுக்கென்றே 2005இல் தொடங்கப்பட்ட எட்ஸி இணைய விற்பனைத் தளம்கூட 2013இல் வெளி உற்பத்தியாளர்களிடம் செய்வித்து விற்பதை அனுமதித்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்வது எளிதாக இல்லை. போன தீபாவளிக்கு ஒரு கடையில் ‘கைவேலை’ என்ற சீட்டு ஒட்டிய அகல்விளக்குகளை எடுத்துப் பார்த்தேன். எல்லா விளக்கிலும் ஒரே இடத்தில் அச்சின் இணைப்புக்கோடு ஓடியது. அச்சில் வார்ப்பது குற்றமில்லை, விலையும் இரண்டு வெள்ளிதான். ஆனால் அந்தச் சீட்டு எதற்கு?

அதனால் இந்தப் பெண்ணின் மேசையில் நின்றபோதும் சற்றுச் சந்தேகத்தோடுதான் கேள்வி கேட்டேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் மெல்ல வளைத்தார், பிறகு குறுக்குவாக்கில் வளைத்தார். ஒரு பக்கம் தாள் சொன்னபடி கேட்டது. மறுபக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. “தாளுக்கும் நார் ஓட்டம் இருக்குக்கா. அந்த ஓட்டம் முதுகுக்கு இணையா இல்லைன்னா புத்தகம் விரிஞ்சு படுக்காது” என்றார். விளம்பர வாசகம் ஒன்றும் இல்லாத அந்த அரை நிமிடத்திலேயே முன்பணம் 20 வெள்ளியை பேநவ் மூலம் அனுப்பிவிட்டேன்.

துணியைக் கொடுக்க அவர் வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குச் சென்றேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டிலிருந்தபடி சிறுதொழில் செய்ய அனுமதி உண்டு, ஆனால் அந்த வீட்டில் வசிக்காத ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது, பெயர்ப்பலகையும் மாட்டக்கூடாது. அதனால் கடிதப் பெட்டிகளுக்கு எதிரே இருக்கும் கல்மேசைதான் அவருடைய அலுவலகம். சேலைத்துணியை விரித்ததும் அவர் முதலில் செய்தது புரட்டிப் பார்த்தது. சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்துப் பிறகு அவிழ்ப்பதால் வருவது. அச்சுப் புள்ளியைப் போல் அளவெடுத்த வட்டமாக இருக்காது, துணியின் இரு பக்கமும் தெரியும், நடுவே கட்டிய இடத்தின் சுருக்கம் லேசாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது அச்சுப் புள்ளிதான். அம்மாவுடையது முடிச்சுப் புள்ளி என்பதை நான் சொல்லாமலே அவர் கண்டுகொண்டார்.

அடுத்து ஒரு வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையின் ஓரத்தில் ஒற்றினார். இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. சாயம் விடும் துணியின்மேல் ஈரப் பசை தடவினால் வெள்ளைப் புள்ளிகளெல்லாம் சிவந்துவிடும் என்றும், அதனால் தான் வழக்கமாகச் செய்வதுபோல் கோதுமைப் பசையால் பின்தாள் ஒட்டாமல், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டும் மெல்லிய தாளைப் பயன்படுத்தப் போவதாகவும் சொன்னார். அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் திரும்பக் கிடைக்காத ஒரு துணி பாழாகியிருக்கும். 58 வெள்ளியில் பாதி இதற்கே தகும் என்பேன்.

பைண்டிங்கைச் சற்று விளக்க வேண்டும். நாம் பேரங்காடியில் மூன்று வெள்ளிக்கு வாங்கும் தடித்த குறிப்பேடுகள் பலவற்றில் தனித்தனித் தாள்களை அடுக்கி முதுகில் சூடான பசையைப் பூசியிருப்பார்கள். நடுவில் அழுத்தி விரித்தால் பசை வெடிக்கும், சில மாதங்களில் தாள் ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். இந்தக் குறிப்பேட்டில் நான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து 16 பக்கத் தொகுதியாக்கி, அப்படி 12 தொகுதிகளை மெழுகு தடவிய லினன் நூலால் நாடாக்களின்மேல் தைத்திருக்கிறார். ஒரு தொகுதியைத் தைத்து முடித்ததும் ஊசி கீழே உள்ள தொகுதியின் தையலுக்குள் நுழைந்து ஒரு முடிச்சாகத் திரும்புகிறது. ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். நம் முன்னோர் ஓலையில் துளையிட்டு ஒரு துளையில் நாராசம் என்னும் மெல்லிய கம்பியைச் செருகி மறுதுளையில் கயிற்றைக் கோத்துச் சுவடி கட்டினார்கள். அவிழ்த்தால் ஏடுகள் தனித்தனி, கட்டினால் ஒரே நூல். பழுதுபட்டால் பிரித்து மீண்டும் கட்டலாம் என்பது இரண்டுக்கும் பொது. பசையை மட்டும் நம்பிய முதுகைப் பிரித்தால் மிஞ்சுவது உதிரித் தாள்கள்தான்.

மேசைமேல் வைத்தால் எந்தப் பக்கத்திலும் இந்தக் குறிப்பேடு தானாகப் படுத்துக்கொள்கிறது. ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதும் தொல்லை இல்லை. தாள் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை. நகல் எடுக்கும் தாளைவிடச் சற்றுக் கனம், தந்த நிறம். நான் மைப்பேனாவால் எழுதுபவள். அம்மாவிடம் எழுதப் பழகியதால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’யையும் ‘ணை’யையும் இன்றும் யானைத் துதிக்கை போட்டுத்தான் எழுதுகிறேன். அந்தத் துதிக்கையைச் சுழிக்கும்போது பேனா ஒரு கணம் தயங்கும். மட்டமான தாளில் மை முதலில் கசிந்து பரவுவது அந்த இடத்தில்தான். ஐந்து மாதத்தில் இதில் ஒரு துதிக்கைகூட வீங்கவில்லை. பின்பக்கம் எழுத்தின் நிழல் தெரிகிறது, மை ஊடுருவவில்லை. மை உலர மட்டும் பொறுமை வேண்டும். அவசரமாக மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒற்றிக்கொள்ளும்.

இனி குறைகள். பெரிய குறை, இரண்டாவது வாரத்திலேயே முன்னட்டை வெளிப்பக்கமாக வளைந்துபோனது. வெயிலில் காயும் அப்பளத்தின் விளிம்பு எழும்புமே, அப்படி. படுக்கையறையில் இரவெல்லாம் குளிரூட்டி, பகலெல்லாம் திறந்த சன்னல். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கு மேல். தாளும் அட்டையும் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்து சுருங்கும். அட்டையின் வெளியே ஒட்டிய துணி ஒரு பக்கம் இழுக்க, உள்ளே ஒட்டிய தாள் அதே வலுவில் மறுபக்கம் இழுத்தால்தான் அட்டை நேராக நிற்கும். என் குறிப்பேட்டில் சேலைத்துணியும் இஸ்திரி போட்ட பின்தாளும் சேர்ந்து கனமாகிவிட, உள்தாள் மெலிதாகத் தோற்றுப்போனது.

படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்தது, ஆனால் சாக்குப்போக்கு இல்லாமல் வந்தது: “என் கணக்குத் தப்புக்கா. கொண்டு வாங்க, சரிபண்ணித் தரேன்.” உள்பக்கத்தில் இன்னொரு கனமான தாளை ஒட்டி, உலர்ந்து சுருங்கும்போது அது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும்படி செய்து, அதன்மேல் பலகை வைத்து, பலகைமேல் பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஏற்றி ஒரு வாரம் வைத்திருந்தாராம். எட்டாம் நாள் திரும்பக் கிடைத்தது. முன்னட்டை நேராகிவிட்டது, பின்னட்டையில் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்கு ஒரு வளைவு இன்னும் இருக்கிறது. காசு வாங்கவில்லை. எனக்குப் பிறகு துணி கொடுத்தவர்களுக்கு முதலிலேயே கனமான உள்தாள் போடுவதாகச் சொன்னார். நம் ஊர்த் தட்பவெப்பத்தில் தொழில் செய்பவர் இதை என்னிடம் கற்றிருக்கக் கூடாதுதான். ஆனாலும், கடையில் வாங்கிய குறிப்பேடு வளைந்திருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? கூடிப்போனால் வேறொன்று மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் சேலைக்கு வேறொன்று ஏது?

மற்றவை சில்லறைக் குறைகள். மூன்று வாரம் என்றது ஐந்து வாரமானது, நடுவில் இரண்டு முறை நான்தான் கேட்க வேண்டியிருந்தது. அடையாள நாடா பக்கத்தின் கீழ்விளிம்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடுவதால் இழுக்கப் பிடி கிடைப்பதில்லை. முதல் இரு பக்கங்கள் பசை கசிந்து முதுகோரம் ஒட்டியிருந்தன. கத்தி முனையால் பிரித்தேன்.

விலையைப் பற்றி அவரிடமே கேட்டேன். தாள், நூல், அட்டை, பசை எல்லாம் ஏறத்தாழ 18 வெள்ளி ஆகிறது என்றும், மடிப்பு, துளை, தையல், அட்டை என்று மொத்தம் ஐந்து மணி நேர வேலை என்றும் சொன்னார். மீதி 40 வெள்ளியை ஐந்தால் வகுத்தால் மணிக்கு எட்டு வெள்ளி. சந்தையில் மேசைக்குக் கொடுக்கும் வாடகையும், என் அட்டையை நேராக்கிய வேலையும் அந்த எட்டிலிருந்துதான் போக வேண்டும். உண்மையில் வீட்டுச் செலவைத் தாங்குவது அவர் நடத்தும் வாரயிறுதிப் பயிற்சி வகுப்புகள்தானாம். செய்த பொருளை வாங்குபவர்களைவிடச் செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாமெல்லாம் வீட்டுக்குள் அடைந்திருந்த கிருமி முறியடிப்புக் காலத்தில், தம்பியின் பழைய பயிற்சிப் புத்தகங்களைப் பிரித்துத் தைத்துப் பழகியவர் இவர். அதே நாள்களில் எதையாவது கையால் செய்யத் தொடங்கியவர்கள் பாதியில் விட்ட ஆசையை முடிக்க இப்போது வகுப்புக்கு வருகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. கைவினைப் பொருளுக்குக் கூடிவரும் மவுசைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டம் பெருகியிருக்கிறது, மணிக்கூலி பெருகவில்லை.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கூட்டங்களில் கிறுக்குவதற்கு வேண்டாம். பத்து நாளில் பிறந்தநாள் பரிசு தேவைப்படுபவருக்கும் வேண்டாம். துணி ஏதும் கொடுக்காமல், அவரிடம் இருக்கும் பருத்தித் துணியிலேயே போதும் என்றால் 42 வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த விலைக்குத் தைத்த பைண்டிங் உள்ள நல்ல ஜப்பானியக் குறிப்பேடுகள் கடைகளிலேயே இருக்கின்றன, தாளும் இதைவிட வழவழப்பானது, இன்றே கைக்கு வந்துவிடும். பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும், கட்டவும் முடியாத, தூக்கிப்போடவும் மனம் வராத துணி ஒன்று உங்களிடம் இருந்தால், அப்போது இந்தச் சேவைக்கு ஈடு கடையில் இல்லை. கொடுக்கும் முன் மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தையலா பசையா, தாளின் நார் ஓட்டம் எந்தப் பக்கம், அட்டை வளைந்தால் யார் பொறுப்பு. இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்கலாம்.

என் தங்கை இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டாள். ஆறு வாரம் ஆகும் என்று பதில் வந்திருக்கிறது. எட்டு என்று நானே எழுதிவைத்துக்கொண்டேன். சேலையின் உடல்பகுதியிலிருந்து இன்னொரு முழம் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். முந்தானையைக் கேட்டாள், கொடுக்கவில்லை.