கப்பலில் இருந்து இறங்க ‘பாஸ்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

பாலக்காடு மாவட்டத்து எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நம் பக்கத்தில் இப்போது கப்பல் டூர் மோகம் பிடித்திருக்கிறது. மும்பையில் ஏறி கோவா வழியாகக் கொச்சியில் இறங்குவது, கொச்சியில் ஏறி லட்சத்தீவு போய் வருவது என்று நாளுக்கொரு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வருகிறது. நாங்களும் போனோம். கப்பலில் ஒரு குறையும் இல்லை. ஏமாந்தது இறங்கும்போதுதான்.

நான், என் கணவர், பதினொரு வயதுப் பையன், எழுபது வயதான என் அத்தை என நாலு பேர். அத்தைக்கு இரண்டு முட்டியும் வலி, சர்க்கரைக்கு இன்சுலின் வேறு. மும்பையில் ஏறி கொச்சியில் முடியும் பயணம். டிக்கெட் போட்டவர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பகுதியில் கடை வைத்திருக்கும் ஏஜென்ட். டிக்கெட் பணம் கட்டி முடித்த பிறகு, கிளம்ப நாலு நாள் இருக்கும்போது போன் செய்தார்.

“அக்கா, கப்பல்ல இறங்கறதுதானுங்க பெரிய ரோதனை. மூணு மணி நேரம் உக்கார வெச்சிருவாங்க. பெட்டிய ராத்திரியே வாங்கிட்டுப் போய் எங்கியோ போட்டுருவாங்க. நம்மகிட்ட வாக்-ஆஃப் பாஸ் இருக்குதுங்க, பெட்டியக் கையோட வெச்சுக்கிட்டு மொதல்லயே எறங்கிறலாம். நீங்க பெட்டியத் தொடவே வேண்டாம். நம்ம ஆளு கேபின் கதவுக்கே வந்து தூக்கிட்டு வந்துருவான், கீழ கார் நிக்கும்.”

ஒரு ஆளுக்கு 1,600 ரூபாய், நாலு பேருக்கு 6,400. இறங்கும் நாள் காலை 9.10க்கு எர்ணாகுளத்தில் இருந்து கிளம்பும் பெங்களூரு இன்டர்சிட்டியில் பாலக்காடு வரை டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். வண்டியை விடக்கூடாது, அத்தையையும் காக்க வைக்கக்கூடாது என்று யோசித்து, சரி என்று ஜிபேயில் அனுப்பினேன். தங்க நிறத்தில் ஓரம் போட்ட நாலு அட்டைகள் வந்தன. மேலே கப்பல் படம், கீழே சதுரமாக ஒரு கியூஆர் கோடு.

கடைசி ராத்திரி கேபின் பையன் வந்து பச்சை நிற டேக் கொடுத்தான். பெட்டியில் கட்டி பதினோரு மணிக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிடுங்கள், காலையில் இறங்கியதும் டெர்மினல் ஹாலில் அதே நிற வரிசையில் இருக்கும் என்றான். நான் அட்டையைக் காட்டி, நாங்கள் வாக்-ஆஃப், பெட்டி எங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவன் அத்தையைப் பார்த்தான். “எல்லாப் பெட்டியையும் நீங்களேதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும் மேடம், பரவாயில்லையா?” என்று இரண்டு தடவை கேட்டான். ஆள் வருவார் என்று சொல்லி டேக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

காலையில் கப்பல் வில்லிங்டன் தீவுப் பக்கம் கட்டியது. ஏழரைக்கு, சொந்தமாகப் பெட்டி எடுத்துப் போகிறவர்கள் இறங்கலாம் என்று அறிவித்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம், யாரும் வரவில்லை. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. என் கணவர் அட்டையோடு ரிசப்ஷனுக்கு ஓடினார். அங்கிருந்த பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை சார் என்றாள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்த ஏஜென்டின் ஃபேஸ்புக் பக்கம்தான் திறந்தது.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். வாக்-ஆஃப் என்பது எல்லாருக்கும் இருக்கிற வசதி, ஒரு ரூபாய்கூடக் கிடையாது. முந்தின நாள் ரிசப்ஷனில் சொல்லிவிட்டால் போதும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கும் கப்பலில் அத்தனை பெட்டியையும் ராத்திரியோடு ராத்திரியாகச் சேகரித்து, கீழ் டெக்குக்குக் கொண்டுபோய், நிறம் பிரித்து, காலையில் ஹாலில் அடுக்குவது அவர்களுக்குப் பெரிய வேலை. சிலர் தாங்களே எடுத்துப் போனால் அந்தச் சுமை குறையும், அதனால்தான் அவர்களை முதலில் விடுகிறார்கள். ஆனால் உதவிக்கு ஆள் தர மாட்டார்கள், வெளியாட்களும் கப்பலுக்குள் வர முடியாது. கேபின் கதவுக்கு ஆள் வருவான் என்று ஏஜென்ட் சொன்னது நடக்கவே முடியாத காரியம். முட்டி வலிக்காரர்களுக்குச் சக்கர நாற்காலி தருவார்களாம், அதற்கும் முதல் நாளே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நாலு பெரிய பெட்டி, இரண்டு கைப்பை. லிஃப்ட் ஒவ்வொன்றும் நிரம்பித்தான் வந்தது. மூன்று தளத்தைப் படியில் இறங்கினோம். என் கணவர் இரண்டு பெட்டியை ஒரு தளம் இறக்கி வைத்துவிட்டு, மேலே வந்து மற்ற இரண்டையும் எடுப்பார். அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக வந்தார். கப்பலில் இருந்து கரைக்கு இறங்கும் சாய்வுப் பாலமான கேங்வே இன்னும் மோசம். கால் வழுக்காமல் இருக்க அதில் குறுக்கே வரிசையாகப் பட்டை அடித்திருப்பார்கள். பெட்டிச் சக்கரம் ஒவ்வொரு பட்டையிலும் இடித்து நின்றது, தூக்கித் தூக்கித்தான் வைக்க வேண்டும். பாதி வழியில் ஒரு பெட்டி கைநழுவி சரிந்து அத்தையின் கணுக்காலில் இடித்தது. அவர் சத்தமே போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். பின்னால் வந்தவர்களெல்லாம் எங்களுக்காகக் காத்து நின்றார்கள்.

எங்கள் எதிர் கேபின்காரர்கள் ராத்திரியே பெட்டியை வெளியே வைத்துவிட்டு, மருந்து, அடையாள அட்டை, மறுநாள் துணி மட்டும் ஒரு சின்னப் பையில் வைத்துக்கொண்டார்கள். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு இறங்கி, ஹாலில் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

டெர்மினல் வாசலில் ஒருவன் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஏஜென்டின் ஆளாம். பெட்டி எதையும் அவன் தொடவில்லை, ஆனால் சுமைக்கூலி 1,200 கொடுத்தால்தான் காரைக் கூப்பிடுவேன் என்றான். நம் ஊரில் இதற்குப் பெயர் தெரியும், நோக்குகூலி. பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழித்துவிட்டது. நான் அதைச் சொன்னதும் அவன் குரலை உயர்த்தினான். பக்கத்தில் நின்ற, சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவர் வந்து, “சேச்சி, இவன் ஞங்ஙளுடெ ஆளல்ல” (அக்கா, இவன் எங்கள் ஆள் இல்லை) என்று சொல்லி அவனை விலக்கிவிட்டார். நாலு பெட்டியையும் டாக்ஸி நிற்கும் இடம் வரை கொண்டுவந்து வைத்தார். இருநூறு கேட்டார், கொடுத்தோம். அத்தையை ஒரு கல் திண்டில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கித் தந்ததும் அவர்தான்.

ஏஜென்ட் சொன்ன கார் வரவே இல்லை. வேறு டாக்ஸி பிடித்து வெண்டுருத்திப் பாலம் தாண்டித் தேவரா வரும்போதே மணி 9.10 ஆகிவிட்டது. ரயில் டிக்கெட் பணம் போனது போனதுதான். வீங்கிய காலோடு அத்தையைக் கூட்ட வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை. ஐயாயிரம் கொடுத்து அதே காரில் வீடு வந்து சேர்ந்தோம். இன்சுலின் கைப்பையில் இருந்தது, அந்த மட்டும் தப்பித்தோம்.

மறுநாள் ஏஜென்ட் போனை எடுத்தார். “கப்பல்காரங்க பண்ணுனதுக்கு நான் என்னங்கக்கா பண்றது” என்றார். பணத்தைக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போலீசில் கேட்டால், கடை தமிழ்நாட்டில், இறங்கியது கொச்சியில், நீங்கள் இருப்பது இங்கே என்று தயங்குகிறார்கள். எல்லையில் குடியிருக்கும் நமக்கு இது பழகிய பதில். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிவு செய்தேன். இப்போது பாலக்காடு ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிபே ரசீது, அவர் அனுப்பிய குரல் பதிவுகள், நாலு அட்டைகள், அத்தையின் கால் எக்ஸ்ரே எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன.

அதே ஆள் இப்போது பூஜை விடுமுறைக்கு லட்சத்தீவு டூர் போடுவதாகக் கேள்விப்பட்டேன். தங்க ஓரம் போட்ட அந்த அட்டை உங்களில் யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீதோடு என்னிடம் கொண்டு வாருங்கள், உங்கள் புகாரையும் சேர்த்தே எழுதித் தருகிறேன்.