ஓசூர்ல பிறந்த மூணு பேர்: ஆர்.ஆர். 310, ஆர்.டி.ஆர். 310, ஜி 310 ஆர்.ஆர்.

அப்பாச்சி ஆர்.ஆர். 310, அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310, பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர்.ஆர். மூன்று பைக்குமே ஓசூர் டி.வி.எஸ். தொழிற்சாலையில் தயாரானவை. 80 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 62.1 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 312.2 சிசி. சிலிண்டர் அளவில் மூன்றுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடக் கிடையாது. 1911-ல் மதுரையில் கிளம்பிய நிறுவனத்தின் வண்டி என்பதால் நம்ம ஊர்க்காரர்களுக்கு டி.வி.எஸ். மேல் தனிப் பாசம் உண்டு. அந்தப் பாசத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் பார்ப்போம்.

ஷோரூமில் முதலில் காதில் விழுவது பவர் கணக்குதான். 2024-ல் வந்த புதிய ஆர்.ஆர். 38 பி.எஸ்., ஆர்.டி.ஆர். 35.6, பி.எம்.டபிள்யூ. 34. மதுரைக்குள் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் டார்க் (இழுவை) வரியை. ஆர்.ஆர். 29 நியூட்டன் மீட்டரை 7,900 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் கணக்கு) தருகிறது. ஆர்.டி.ஆர். 28.7-ஐ 6,650-லேயே கொடுத்துவிடுகிறது. பி.எம்.டபிள்யூ. 27.3-ஐ 7,700-ல். முதல் இரண்டுக்கும் இழுவையில் 0.3 தான் வித்தியாசம், ஆனால் அது கைக்கு வரும் இடம் 1,250 ஆர்.பி.எம். தள்ளி இருக்கிறது.

கோரிப்பாளையம் சிக்னலில் கிளம்பி ஏ.வி. பாலத்தைக் கடந்து சிம்மக்கல் போய்ச் சேர்வதற்குள் 5,000-க்கு மேல் முள் ஏற வாய்ப்பே கிடைக்காது. மூன்றாவது கியரில் ஷேர் ஆட்டோ பின்னால் ஊர்ந்துவிட்டு, இடைவெளி கிடைத்ததும் த்ராட்டிலைத் திறந்தால் ஆர்.டி.ஆர். அப்படியே கிளம்பும். ஆர்.ஆர். ஒரு கியர் குறைக்கச் சொல்லும். குறைத்தால் பாயும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குறைப்பது? அதே ஆர்.ஆர்.-ஐ நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் ஏற்றுங்கள். 7.3 கிலோமீட்டருக்குக் குறுக்கே வர யாரும் இல்லாத அந்த மேடையில் 7,000-க்கு மேல் அது வேறு வண்டி. காற்றுப்பெட்டியைப் பெரிதாக்கி, த்ராட்டில் பாடியை அகலமாக்கி, பிஸ்டன் எடையைக் குறைத்ததன் பலன் முழுக்க அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது.

அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் நிற்கிற ஊரில் இதைப் பேசாமல் முடியாது. இந்த இன்ஜினில் சிலிண்டர் பின்பக்கம் சாய்ந்திருக்கும், ஹெட் திரும்பியிருக்கும். காற்று முன்னாலிருந்து உள்ளே போகிறது, புகை பின்னால் வெளியேறுகிறது. முன்சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே சைலன்சர் குழாய் வளைந்து இறங்க வேண்டியதில்லை என்பதால் இன்ஜினை முன்னுக்குத் தள்ளலாம், வீல்பேஸை (இரு சக்கரங்களுக்கும் உள்ள இடைவெளி) நீட்டாமலே ஸ்விங்ஆர்மை (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை) நீளமாக வைக்கலாம். வளைவில் வண்டி தடுமாறாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் மற்ற வண்டிகளில் எதிர்க்காற்று பட்டு ஆறுகிற குழாய் இதில் ஓட்டுகிறவரின் கால்களுக்கு நடுவே வந்துவிடுகிறது. ஓடும்போது தெரியாது. கீழவாசலில் பத்து நிமிடம் சிக்கி ரேடியேட்டர் ஃபேன் சுழல ஆரம்பித்ததும் தெரியும். ஃபேரிங் (இன்ஜினைச் சுற்றி மூடும் உறை) இல்லாத ஆர்.டி.ஆர்.-ல் சூடு நாலா பக்கமும் கலைந்துவிடும். ஆர்.ஆர்.-லும் பி.எம்.டபிள்யூ.விலும் ஃபேரிங் அதைக் கணுக்கால் பக்கமாக அனுப்பும். பெர்முடாவும் செருப்புமாக ஓட்டுகிறவர்கள் இந்த இரண்டின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

உட்காரும் விதம் பெரிய புதிர் இல்லை. சீட் உயரம் ஆர்.டி.ஆர். 800 மி.மீ., ஆர்.ஆர். 810, பி.எம்.டபிள்யூ. 811. எடை ஆர்.டி.ஆர். 169 கிலோ, மற்ற இரண்டும் 174. ஆர்.ஆர்.-ன் கிளிப்-ஆன் ஹேண்டில் பார்க்கப் பயமுறுத்தினாலும் ரொம்பத் தாழ்வாக இல்லை. மாட்டுத்தாவணியிலிருந்து திருப்பரங்குன்றம் வரை தினமும் போய் வந்தால் மணிக்கட்டு வலிக்கும், இடுப்பு தாங்கிக்கொள்ளும். பின்சீட்தான் பிரச்சினை. ஆர்.ஆர்.-ன் பின்சீட் சின்னது, உயரமானது, சரிவானது. சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்கார்ந்து வர அதில் இடமே இல்லை. ஆர்.டி.ஆர்.-ல் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். குடும்பத்துக்கும் இது ஒரே வண்டி என்றால் மூன்றையும் விட்டுவிடலாம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு விஷயம் வேறு. சிறுமலையின் 18 கொண்டை ஊசிகளும் போடிமெட்டின் 17-ம் இறுக்கமான வளைவுகள், இரண்டாவது கியர் ரோடுகள். அங்கே அகலமான ஹேண்டிலும் சீக்கிரம் வரும் இழுவையும் உள்ள ஆர்.டி.ஆர்.-க்கு ஆர்.ஆர். ஈடு கொடுக்காது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது நீண்டு விரியும் வளைவுகளில் ஆர்.ஆர். தன் மதிப்பைக் காட்டும். முன்சக்கரம் என்ன செய்கிறது என்பது கைக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியும். இரண்டு அப்பாச்சிகளும் மிஷெலின் ரோடு 5 டயரில் வருவதால் மழை ரோட்டிலும் தைரியமாக இருக்கலாம். பி.எம்.டபிள்யூ.வில் வருவது மிஷெலின் பைலட் ஸ்ட்ரீட். நல்ல டயர்தான், ஆனால் ஒரு படி கீழே.

நான்குவழிச் சாலையில் 100-க்கு மேல் ஆர்.டி.ஆர்.-ல் காற்று முழுக்க நெஞ்சில் அடிக்கும், க்ரூஸ் கண்ட்ரோல் இருந்தும் கழுத்து களைத்துவிடும். டேங்க் இரண்டு அப்பாச்சியிலும் 11 லிட்டர். லிட்டருக்கு 28 என்று வைத்தால் 308 கிலோமீட்டர். சென்னை போகிறவர்கள் உளுந்தூர்பேட்டைக்கு முன்பே பெட்ரோல் போட்டுக்கொள்வது உத்தமம். ஆர்.ஆர்.-ன் விங்லெட் (முன்பக்கச் சின்ன இறக்கை) 3 கிலோ அளவுக்கு முன்பக்கத்தை அழுத்தும் என்கிறது கம்பெனி. விரகனூர் ரிங் ரோட்டில் அது போட்டோவுக்குத்தான் உதவும்.

ரைடிங் மோடை வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். பி.எம்.டபிள்யூ.வை அர்பன் அல்லது ரெயின் மோடில் வைத்தால் பவர் 25.8 பி.எஸ்.-ஆகவும் வேகம் 125-ஆகவும் குறைந்துவிடும். ஆர்.டி.ஆர்.-ல் அதே மோடில் 27.1 கிடைக்கும். நகரத்துக்கு அதுவே போதும், கையும் அலுக்காது. ஆர்.டி.ஆர்.-ல் மட்டும் இருக்கும் சூப்பர்மோட்டோ மோட் பின்சக்கர ஏ.பி.எஸ்.-ஐ நிறுத்திவிடும். தெருவில் அதற்கு வேலை கிடையாது. வண்டியை யாரிடமாவது கொடுத்து வாங்கினால் எந்த மோடில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி கிட். இரண்டு அப்பாச்சிக்கும் புக்கிங்கின்போதே சொல்லி வாங்க வேண்டிய டைனமிக் கிட் 18,000 ரூபாய் என்று அறிமுகமானது. முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளக்கூடிய சஸ்பென்ஷன், பித்தளை முலாம் பூசிய செயின், டயர் காற்றழுத்தம் காட்டும் வசதி இதில் வரும். வாங்க வேண்டிய முதல் கூடுதல் இதுதான். மாசி வீதிகளின் குழிக்கு ஒரு செட்டிங், மலைக்கு ஒரு செட்டிங் என்று வைத்துக்கொள்ளலாம். வைகைக் கரைப் புழுதியிலும் மழையிலும் பித்தளை செயின் சீக்கிரம் துருப்பிடிக்காது. பி.எம்.டபிள்யூ.வில் சஸ்பென்ஷனை இப்படி மாற்ற வழி இல்லை, குயிக்‌ஷிஃப்டரும் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி) இல்லாமல்தான் அது வந்தது. 2020-21 ஆர்.ஆர்.-ன் இன்ஜின் அமைப்பில் அது நின்றுவிட்டது என்பதே உண்மை. அதற்குக் கூடுதல் பணம் கேட்பது டேங்கில் ஒட்டிய வட்ட முத்திரைக்காக. அந்த முத்திரைமேல் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஆசைக்குக் கணக்கு பார்க்க முடியாது. ஒன்று மட்டும்: உள்ளே இன்ஜின் ஒன்றே என்றாலும் வாரன்டி வேலையை டி.வி.எஸ். பட்டறையில் செய்துகொள்ள முடியாது. பி.எம்.டபிள்யூ. சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு அப்புறம் விலையைப் பாருங்கள்.

அறிமுக விலை ஆர்.ஆர். 2.75 லட்சம் (2024), ஆர்.டி.ஆர். 2.43 லட்சம் (2023), பி.எம்.டபிள்யூ. 2.85 லட்சம் (2022). 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. 2.75 லட்சம் வண்டிக்கு இதில் சுமார் 21,500 ரூபாய் இறங்கும். பழைய விலைப்பட்டியலை நீட்டினால் ஏமாற வேண்டாம். 350-ஐத் தாண்டிய போட்டி வண்டிகளுக்கு வரி 40. இன்ஷூரன்சிலும் அதே கோடுதான்: புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் பிரீமியம் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம் என்பதால் விலை 30,000 கூடினால் வரியிலும் 3,600 கூடும்.

வீட்டில் கெடுவது எப்படி? ரேடியேட்டருக்கு போர்வெல் தண்ணீர் ஊற்றுவதில் ஆரம்பிக்கிறது. நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து குழாயை அடைக்கும், ஃபேன் ஓயாமல் சுற்றும். கலந்தே விற்கிற கூலன்ட் தவிர வேறெதுவும் வேண்டாம். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ரேடியேட்டருக்கு நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகாது. குயிக்‌ஷிஃப்டர் உதைக்கிறது என்று வருகிறவர்கள் முதலில் செயின் தொய்வைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு லூப் (மசகு) அடித்தால் இந்தப் பேச்சே வராது. ஆர்.ஆர். நின்ற இடத்தில் சாய்ந்தால்கூட ஃபேரிங் கீறும், அதை மாற்றும் செலவு ஆர்.டி.ஆர்.காரருக்குக் கிடையாது.

ஆகவே நகரமும் வார இறுதி மலையும் என்றால் டைனமிக் கிட்டோடு ஆர்.டி.ஆர். கோயம்புத்தூர் கரி டிராக்கில் வருடத்துக்கு ஒருமுறையாவது இறங்குவேன், மற்றபடி நீண்ட ரோடுதான் என்பவருக்கு ஆர்.ஆர்.

பழைய வண்டி தேடுகிறவர்களுக்கு: 2017 டிசம்பரில் வந்த முதல் ஆர்.ஆர்.-ல் ஸ்லிப்பர் கிளட்ச் (சட்டென்று கியர் குறைத்தாலும் பின்சக்கரம் தடுமாறாமல் காக்கும் கிளட்ச்) இல்லை, அது 2019-ல்தான் வந்தது. நாலு மோடும் நிமிர்ந்த டி.எஃப்.டி. திரையும் 2020-லிருந்து. முதல் இரண்டு வருட வண்டிகளில் அதிர்வு அதிகம். ஆறாவது கியரில் 100-ஐத் தாண்டி ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டிப் பார்க்கக் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். மதியம் பன்னிரண்டுக்குப் போய், இருபது நிமிடம் ஊருக்குள் ஓட்டி, ஃபேன் சுற்றி நிற்கிற வரை காத்திருந்து, இன்ஜினை அணைத்துத் திரும்பவும் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.