பதினாலு கல்லும் பீப்: வைரம் பார்க்கும் பேனா வாங்கிய கதை

முப்பத்தோரு வருஷம் வங்கியில் நகை மதிப்பீட்டாளர் வேலை பார்த்தவன் நான். உரைகல்லும் ஆசிட்டும் கையில் இருந்தால் தங்கத்தைப் பற்றி யாரும் என்னிடம் கதை விட முடியாது. கல் விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. அடகுக்கு வரும் நகையில் கல் எடையைக் கழித்துவிட்டு மிச்சத் தங்கத்துக்குத்தான் கடன். வைரமோ கண்ணாடியோ, சீட்டில் "கல்" என்று ஒரே வார்த்தை. "வைரத்தைப் போய் வெறும் கல்லுன்னு எழுதறீங்களே சார்" என்று கவுண்டரில் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர்.

அந்தச் சாபமோ என்னவோ, ரிடையர் ஆனபிறகு ஆன்லைனில் 1,650 ரூபாய் கொடுத்து வைர டெஸ்டர் பேனா வாங்கினேன். காரணம் அம்மாவின் ஏழுகல் தோடு. 1961இல் கல்யாணத்துக்குக் குடியாத்தத்துத் தாத்தா போட்டது. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). 2018 ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போன இடத்தில், கூட்டத்தில் இடது காதுக் கல் ஒன்று விழுந்துவிட்டது. வேலூரில் ஒரு கடையில் கொடுத்து வேறு கல் வைத்தோம். இப்போது தோட்டைப் பேத்திக்குக் கொடுக்கப் போகிறாள். "அந்த மாத்துன கல்லும் வைரந்தானாடா? நீதான் பேங்குல நகை பாத்தவனாச்சே" என்றாள். மானப் பிரச்சினை.

பொருளைப் பற்றி முதலில். உறை நன்றாக இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி நாமே வாங்கிப் போட வேண்டும். தடிமனான பேனா, முனையில் ஊசி, பக்கவாட்டில் எல்.இ.டி. விளக்கு வரிசை. கல்லின் அளவுக்கும் அறையின் சூட்டுக்கும் தகுந்தபடி எத்தனை விளக்கு எரிய வைக்க வேண்டும் என்று முதுகில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். நான் சோதித்தது மே மாதம், கொசப்பேட்டையில், மதியம். காற்றில் ஊசி ஆறிவிடும் என்று மின்விசிறியை வேறு நிறுத்த வேண்டியிருந்தது. வேலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஊசி முனை சூடாக இருக்கும். கல்லில் வைத்தால் வைரம் அந்தச் சூட்டை உறிஞ்சி இழுத்துவிடும். தாமிரத்தைவிடச் சுமார் ஐந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் பொருள் அது. இழுத்தால் விளக்கெல்லாம் ஏறி பீப் சத்தம். கல்லை ஊதி, ஆவி சட்டென்று மறைகிறதா என்று பாட்டிமார்கள் பார்ப்பார்களே, அதேதான். இதற்குப் பேட்டரி உண்டு.

தோட்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். பின்பக்கம் மூடிய கட்டு, அறுபது வருஷ எண்ணெயும் மஞ்சளும் ஓரத்தில் கறுப்பாக அப்பியிருந்தது. 5 சென்ட் கல்லின் தலையில் ஊசியை நேராக நிறுத்துவது சுலபமில்லை. கொஞ்சம் சறுக்கினால் தங்கத்தில் பட்டு வேறு மாதிரிக் கத்துகிறது. ஒருமுறை தொட்ட கல்லை உடனே தொட்டாலும் ஏமாற்றும், ஆற விட வேண்டும். பதினாலு கல்லுக்கு முக்கால் மணி நேரம். பதினாலும் பீப். மருமகளின் அமெரிக்கன் டைமண்ட் கம்மலில் வைத்தேன், மூச்சே இல்லை. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் ஒரு உறுத்தல்: பேத்தியின் மோதிரத்தில் இருப்பது வைரமல்ல, வைரம் மாதிரி மின்னும் மாய்சனைட் என்ற வேறு கல் என்று வாங்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். அதற்கும் பீப் அடித்தது.

லாங்கு பஜாரில் வைர வியாபாரம் செய்யும் பழைய நண்பரிடம் போனேன். பேனாவைப் பார்த்துச் சிரித்தார். "சார், லேப்ல செஞ்ச கல்லும் வைரந்தானே? இது எப்படிப் பிரிச்சுச் சொல்லும்?"

பிறகு அவர் விளக்கியதும் நான் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். செயற்கை வைரம் என்பது போலி வைரம் அல்ல. அதே கார்பன், அதே கட்டமைப்பு. செய்யும் வழி இரண்டு. ஒன்று, பூமிக்கடியில் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கீழே நடப்பதை இயந்திரத்தில் நடத்துவது. காற்றழுத்தத்தைப் போல 50,000 மடங்குக்கு மேல் அழுத்தம், 1,300 டிகிரிக்கு மேல் சூடு. உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட் குழம்பில் கிராபைட் கரைந்து, ஒரு சின்ன விதைக் கல்லின்மேல் வைரமாகப் படியும். ஜெனரல் எலெக்ட்ரிக் 1954இல் இப்படித்தான் செய்தது. மற்றது சிவிடி. வெற்றிட அறையில் மீத்தேனும் ஹைட்ரஜனும் விட்டு மைக்ரோவேவில் பிளாஸ்மாவாக்கினால், விதைத் தகட்டின்மேல் கார்பன் அடுக்கடுக்காகப் படியும். சில வாரத்தில் கல் ரெடி. சூரத்தில் இது பெரிய தொழில். 2023 பட்ஜெட்டையொட்டி நம் சென்னை ஐஐடிக்கே இந்த ஆராய்ச்சிக்கு ஐந்து வருஷத்துக்கு 242 கோடி ஒதுக்கினார்கள். கடைக்காரர்கள் எந்த வழியில் செய்ததையும் சிவிடி என்றே சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

பிரிக்கும் சூட்சுமம் நைட்ரஜனில் இருக்கிறது. இயற்கை வைரத்தில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் கூட்டுக் கூட்டாகச் சேர்ந்திருக்கும். அப்படிச் சேர பூமிக்குள் கோடிக்கணக்கான வருஷம் வேண்டும். சில வாரத்தில் வளர்ந்த கல்லுக்கு அந்த அவகாசம் ஏது? புற ஊதாக் கதிர் பட்டால் அது வேறு மாதிரி ஒளிரும்.

நண்பரிடம் அதற்கான ஸ்கிரீனிங் மெஷின் இருக்கிறது. அவர் சொன்னார், அம்மாவின் பழைய கல்லுக்கு மெஷினே வேண்டாம், 1961 என்பதே சாட்சி. நகையில் வைக்கிற தரத்தில் கல் செய்ததே 1970இல்தான், அதுவும் சோதனைக்கூடத்தில். இருந்தாலும் தோட்டை உள்ளே வைத்துக் கதவை மூடினார். திரையில் பல கல் நீலமாக மினுங்கியது, சில மங்கலாக. விளக்கை அணைத்தார். எல்லாம் இருட்டாகிவிட்டது, இடது தோட்டில் ஒரு கல் தவிர. அது மட்டும் பச்சை கலந்த நீலத்தில், அணைத்த அடுப்பின் கடைசிக் கங்கு மாதிரி, ஐந்தாறு வினாடி நின்று எரிந்து மெல்ல மறைந்தது. மெஷின் அதற்கு மட்டும் "ரெஃபர்" என்று போட்டது, அதாவது மேற்கொண்டு சோதிக்க வேண்டிய கல். அழுத்தத்தில் வளர்த்த கல்லின் அடையாளம் இப்படி நின்று எரிவது. உறுதியாகச் சொல்ல ஆய்வகத்துக்குக் கல்லைக் கழற்றி அனுப்ப வேண்டும். 5 சென்ட் கல்லுக்கு அந்தச் செலவு கட்டாது என்றார் நண்பர்.

எது மாற்றிய கல் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

பேனாவுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம். கண்ணாடிக் கல், அமெரிக்கன் டைமண்ட் பிடிக்க வேண்டுமென்றால் வாங்கலாம். "ஒரிஜினல் வைரமா என்று உறுதி செய்யும்" என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். வாங்கும் கல் சுரங்கத்துக் கல்லா, லேப் கல்லா என்று தெரிய வேண்டுமானால் ஸ்கிரீனிங் மெஷின் வைத்திருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். கண்ணெதிரே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

2018இல் கல் வைத்த கடைக்கும் போனேன். லேப் கல் வைப்பது தப்பில்லை, சொல்லிவிட்டு அதற்குரிய விலையை வாங்கியிருக்கலாம் என்றேன். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். நான் கொண்டுபோன பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் காட்டினான். "நாங்க வைரம்னு எழுதவே இல்லையே சார். கல் ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு."