ஒரே ஆர்சிசிபியா, சர்க்யூட்டுக்கு ஓர் ஆர்சிபிஓவா? வீட்டு டிபிக்குப் பொருந்தும் பிரேக்கர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சான எம்சிபி பழுதானால், அதைக் கழற்றி எலக்ட்ரிக்கல் கடைக்குக் கொண்டுபோய், அதே ஆம்பியரில் இன்னொன்று வாங்கி மாட்டிவிடுவதே நம் வீடுகளில் வழக்கம். எல்லா நிறுவனங்களின் எம்சிபியும் 35 மில்லிமீட்டர் டின் ரெயில் என்ற உலோகப் பட்டையில் ஏறி உட்கார்ந்துவிடுவதால், பொருந்திவிட்டது என்றே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பிரேக்கர்களைத் தாங்கும் மின்பெட்டியான டிபிக்குள் மேல்வரிசை எம்சிபிகளை இணைக்கும் பஸ்பார் என்ற உலோகச் சட்டத்தின் பற்கள் சிலவற்றில் ஊசி வடிவிலும் சிலவற்றில் கவை வடிவிலும் இருக்கும்; டெர்மினலின் உயரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறு நிறுவனத்து எம்சிபியை நடுவில் செருகினால் பல் முழுதாக உள்ளே போகாமல் திருகின் நுனியில் மட்டும் தொட்டு நிற்கும். லோடு ஏறும்போது அந்த இடம் சூடேறிக் கருகும். ஆகவே டிபி எந்த நிறுவனமோ, அதே நிறுவனத்தின் அதே வரிசையைச் சேர்ந்த எம்சிபியை வாங்குவதே சரி. எல் அண்ட் டி டிபி வைத்திருப்பவர்கள் லாரிட்ஸ் நட்சன் என்ற பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 2020இல் ஷ்னைடர் வாங்கிய அந்த சுவிட்ச்கியர் பிரிவுதான் 2024 முதல் இப்பெயரில் இயங்குகிறது.

ஆம்பியரைத் தீர்மானிப்பது சுவருக்குள் ஓடும் ஒயரே. ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயருக்கு 6 அல்லது 10, இரண்டரைக்கு 16 அல்லது 20 ஆம்பியர் என்ற வரம்பை, ஏசி போட்டதும் டிரிப் ஆகிறது என்பதற்காக மீறவே கூடாது. எம்சிபி தன் அளவைப் போல் 1.45 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் வரை விட்டுவைக்கலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. இரண்டரை ஸ்கொயரில் 32 ஆம்பியர் எம்சிபி போட்டால், 46 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தாலும் அது நெடுநேரம் அசையாமல் இருக்கலாம். அதற்குள் ஒயரின் பிவிசி உறை இளகிவிடும்.

அடுத்து பி வளைவா, சி வளைவா என்ற கேள்வி. பி வகை தன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனடியாக விழும், அதாவது டிரிப் ஆகும். மோட்டார், ஏசி, பிரிட்ஜ் ஆகியவை தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை பி தாங்காது என்பதால் கடைகளில் சி வகையே எங்கும் கிடைக்கிறது. வெறும் விளக்கு, கீசர் சர்க்யூட்டுகளுக்கு பி வகை நல்லது என்பது என் கருத்து. ஷார்ட் ஆனால் குறைந்த மின்னோட்டத்திலேயே அது விழுந்துவிடும்.

ஆனால் எந்த வளைவானாலும், நம் ஊர் வீடுகளில் உயிரைக் காப்பதை எம்சிபியிடம் ஒப்படைக்க முடியாது. வீட்டு எர்த் குழியின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம்; கோடையில் காய்ந்த மண்ணில் இது அரிதல்ல. கீசரின் உடலில் பேஸ் பட்டால் 230 வோல்ட்டில் எர்த் வழியே அதிகபட்சம் 11.5 ஆம்பியர்தான் பாயும். கீசர் இயல்பாக இழுக்கும் 9 ஆம்பியரைச் சேர்த்தாலும் 20ஐ ஒட்டியே நிற்கும். 16 ஆம்பியர் எம்சிபி கட்டாயம் விழ வேண்டிய 23 ஆம்பியரை அது தொடாது. கீசரின் உடலோ ஏறத்தாழ முழு மின்னழுத்தத்துடன் காத்திருக்கும். இந்த இடத்தில் காப்பாற்றுவது, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்சிசிபி அல்லது ஆர்சிபிஓ மட்டுமே.

இரண்டில் எது? வீடு முழுவதற்கும் ஓர் ஆர்சிசிபி வைப்பது செலவு குறைவு, டிபியில் இரண்டு மாட்யூல் (ஒரு மாட்யூல் என்பது ஒற்றை எம்சிபியின் அகலம்) இடமே போதும். ஆனால் ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது. 40 ஆம்பியர் ஆர்சிசிபிக்கு முன்னால் அதைத் தாண்டாத எம்சிபி இருந்தாக வேண்டும். மேலும் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15ஐத் தாண்டியதும் அது விழலாம். கணினி, இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் ஆகியவற்றின் பில்ட்டர்கள் இயல்பாகவே கொஞ்சம் கசியவிடும். மழைக்காலத்தில் வெளிச்சுவர் விளக்கின் ஈரமும் சேர்ந்தால், வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் நாளில் பிரிட்ஜும் சேர்ந்து அணைந்துவிடும்.

எம்சிபியும் ஆர்சிசிபியும் ஓர் உறைக்குள் சேர்ந்த ஆர்சிபிஓவைச் சர்க்யூட்டுக்கு ஒன்று வைத்தால் பழுதான பகுதி மட்டும் அணையும், குறையைத் தேடுவதும் எளிது. விலையும் இடமும் அதிகம். இரண்டு மாட்யூல் வகையில் ஆறு சர்க்யூட்டுக்குப் பன்னிரண்டு மாட்யூல் தேவை. அதைவிடப் பெரிய தடை நியூட்ரல். பழைய வீடுகளில் இரண்டு அறைகளுக்கு ஒரே நியூட்ரல் ஓடுவதும், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் மற்றவற்றோடு பின்னிக்கிடப்பதும் சகஜம். அங்கே பேஸ் ஓர் ஆர்சிபிஓ வழியாகப் போய், திரும்பும் மின்னோட்டம் வேறு வழியாக வரும். லைட்டைப் போட்ட கணத்தில் அது விழும். எலக்ட்ரீஷியன் ஆர்சிபிஓவைக் குறைசொல்லிக் கழற்றிவிடுவார். குறை ஒயரிங்கில் இருக்கும்.

ஆகவே புதிதாக ஒயரிங் செய்பவர்கள் சர்க்யூட்டுக்கு ஒரு நியூட்ரலைத் தனியே இழுத்து ஆர்சிபிஓவுக்கே போகட்டும். பழைய வீட்டில் கீசர், வாஷிங் மெஷின், வெளி மோட்டார் மூன்றுக்கும் நியூட்ரலைப் பிரித்து ஆர்சிபிஓ வைத்து, மற்றவற்றை ஓர் ஆர்சிசிபியின் கீழ் விடலாம். அந்த மூன்றையும் ஆர்சிசிபிக்கு முன்னிருந்தே எடுக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஒன்றின் கீழ் இன்னொரு 30ஐ வைத்தால் இரண்டும் சேர்ந்தே விழக்கூடும். இன்வெர்ட்டர் ஏசி இருக்கும் லைனுக்கு, ஆர்சிசிபியிலும் ஆர்சிபிஓவிலும் ‘AC’ என்று குறித்த வகையை விட்டு ‘A’ என்று குறித்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட் தாங்குதிறனில், டிரான்ஸ்பார்மரை ஒட்டிய கட்டடங்களுக்கு 10 கிலோ ஆம்பியரும், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 6உம் போதுமானவை.

மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் தரும் பேஸ், டிபியின் தொடக்கத்தில் உள்ள ஆர்சிசிபியைக் கடந்து வருவதில்லை. எனவே குளியலறை பாயிண்ட் எதுவும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், அந்த லைனுக்கென்றே தனி ஆர்சிசிபி வைக்கச் சொல்லி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மின்வெட்டு நிலையிலும் அது விழுகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.