‘செல்’ என்ற ஒரே சொல்லில் தடுக்கி விழுந்த அகராதிச் செயலி: ஐந்துக்கு இரண்டரை

ஆங்கிலம்-தமிழ் அகராதிச் செயலி ஒன்றை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன், அதில் இரண்டு மாதம் காசு கட்டி. பேரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைச் செயலிகள் பலவற்றிலும் இதே கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றை மட்டும் பிடித்து அடிப்பது நியாயமில்லை.

அகராதியை எடைபோட அரிய சொற்களைத் தேடிப் பார்ப்பதில் பயனில்லை. அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான் இருக்கும், அதை எந்த அகராதியும் சரியாகச் சொல்லிவிடும். தினமும் வாயில் புழங்குகிற சின்ன வினைச்சொல்லைக் கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். நான் எடுத்துக்கொண்டது செல், அதாவது விற்பதைக் குறிக்கிற ஆங்கில வினை. எஸ், இ, அப்புறம் இரண்டு எல். எழுதப் படிக்க வந்த முதல் வருடத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிற சொல்தான், ஆனால் அதன் வால் எவ்வளவு நீளம் என்று பின்னால் பார்ப்போம்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே தட்டலாம் என்று இந்தச் செயலி பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. சரி என்று ‘செல்’ தட்டினேன். ‘போ, நட, புறப்படு’ என்று பதில் வந்தது. தமிழ்ச் சொல்லாக எடுத்துக்கொண்டு பொருள் சொல்லிவிட்டது, சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். குரலில் கேட்டுப் பார்த்தால் முதலில் உயிரணு, அடுத்து சிறையறை, அதற்கடுத்து கைபேசி. ஆங்கிலத்தில் சி எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லுக்கும் இதற்கும் உச்சரிப்பு ஒன்றுதான், ஒலியை மட்டும் கேட்டுப் பிரிக்க மனிதராலும் முடியாது, அதனால் இயந்திரத்தைத் திட்ட மாட்டேன். ஆனால் ‘இதே ஒலியில் இன்னொரு சொல்லும் உண்டு, அதைத் தேடுகிறீர்களா’ என்று ஒரு வரி காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியில் ஆங்கில எழுத்தில் தட்டி உரிய பக்கத்துக்கு வந்தேன். பொருள்: ‘விற்பனை செய்’. அதற்குக் கீழே இறந்தகால வடிவமும் முடிவெச்ச (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) வடிவமும் ‘சோல்ட்’ என்று சரியாக இருந்தன. செல்ட் என்றோ செல்லட் என்றோ ஒன்று கிடையாது என்பதைத் தனியாகச் சிவப்பில் எழுதியிருந்தார்கள், நல்ல விஷயம். உச்சரிப்பும் தெளிவு, பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்கள் இரண்டும் உண்டு. இதுவரைக்கும் முழு மதிப்பெண்.

அதற்கப்புறம்தான் வழுக்கல். நம்மில் நிறையப் பேர் செல் என்ற வினையையும் சேல் என்ற பெயர்ச்சொல்லையும் குழப்பிக்கொள்கிறோம். விற்பனைக்கு என்று அறிவிப்பு எழுதும்போது ‘ஃபார் சேல்’ என்பதற்குப் பதிலாக ‘ஃபார் செல்’ என்று எழுதிவிடுகிறோம், நானே பல காலம் அப்படித்தான் எழுதினேன். தமிழருக்கென்றே செய்த அகராதி என்றால் இந்தத் தவறை முன்கூட்டியே எதிர்பார்த்து ஒரு குறிப்புப் போட்டிருக்க வேண்டும். ‘ஆன் சேல்’ என்றால் விற்பனைக்கு வந்திருக்கிறது என்றும் பொருள், தள்ளுபடியில் கிடைக்கிறது என்றும் பொருள், இரண்டாவது அமெரிக்க வழக்கில் அதிகம். இது பற்றியும் மூச்சு இல்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. ‘எனக்கு விற்றாள்’ என்பதை மனதில் வைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது ‘சோல்ட் ஃபார் மீ’ என்று போட்டுவிடுவோம். அப்படி எழுதினால் ‘என் சார்பில் விற்றுக்கொடுத்தாள்’ என்று ஆகிவிடும். வாங்கியது நான் என்றால் ‘சோல்ட் இட் டு மீ’, இல்லாவிட்டால் ‘சோல்ட் மீ’ என்று சொல்லிவிட்டு நேராகப் பொருளின் பெயர். ‘ஃபார்’ வருவது பெரும்பாலும் விலைக்கு முன்னால். நஷ்டத்துக்கு விற்றால் ‘அட் எ லாஸ்’. இந்த உருபுகள் விஷயத்தில்தான் கற்பவர்கள் விழுகிறார்கள், இந்த விஷயத்தில்தான் செயலியும் மௌனம்.

சரி, பொருளுக்கு வருவோம். எந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் திறந்தாலும் ‘விற்பனை செய்’ என்ற ஒரே முத்திரையைக் குத்தியிருக்கிறார்கள். ‘திஸ் புக் செல்ஸ் வெல்’ என்ற வாக்கியத்துக்கு ‘இந்தப் புத்தகம் நன்றாக விற்பனை செய்கிறது’ என்று மொழிபெயர்ப்பு. புத்தகம் எழுந்து நின்று யாருக்கு விற்பனை செய்யும்? இந்த வினையை ஆங்கிலத்தில் விற்பவர் மேலும் ஏற்றலாம், விற்கப்படும் பொருள் மேலும் ஏற்றலாம், அதுதான் இதன் அழகே. தமிழிலும் அதற்கு வழி இல்லாமல் இல்லை. ‘நல்லா விக்குது’ என்கிறோம், ‘நன்றாகப் போகிறது’ என்கிறோம். அட, போகிறது! முதலில் ‘செல்’ என்று தமிழில் தட்டியபோது வந்த ‘போ’ என்ற பதில், தெரியாமல் சொன்னதென்றாலும், ‘விற்பனை செய்கிறது’ என்பதைவிட இந்த வாக்கியத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

சொல்லின் வரலாறு என்று ஒரு தாவல் (டேப்) உண்டு, காசு கட்டினால்தான் திறக்கும். திறந்து பார்த்தேன், ‘பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது’ என்று அரை வரி. அவ்வளவுதான். அந்த அரை வரிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது தெரியுமா? பழைய ஆங்கிலத்தில் ‘செல்லன்’ என்ற வினைக்குக் கொடு, ஒப்படை என்பதுதான் முதல் பொருள். காசுக்குக் கொடு என்ற பொருள் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்புதான் அதில் தலைகாட்டுகிறது, போகப்போக அதுவே முழுப் பொருளாகிவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கோதிக் மொழியில் அந்தச் சொல் பலி கொடுப்பதைக் குறித்தது.

இது தமிழ் வாசகருக்குக் கரும்பு மாதிரியான செய்தி, ஏனென்றால் நாம் இன்னும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘வண்டியைக் கொடுத்துட்டேன்’ என்றால் தானமாகக் கொடுத்தேன் என்று யாரும் நினைப்பதில்லை, விற்றுவிட்டேன் என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். ‘என்ன விலைக்குக் கொடுப்பீங்க’ என்றுதான் கேட்கிறோம். வியாபாரத்துக்கே நம் பெயர் கொடுக்கல் வாங்கல். வாங்கு என்பதும் பெற்றுக்கொள்ளுதல், காசு கொடுத்துப் பெறுதல் இரண்டுக்கும் பொது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் இறைச்சி விற்பவரைச் சொல்கிற வள்ளுவர்கூட, விற்பார் என்று போடாமல் ‘விலைப்பொருட்டால் ஊன் தருவார்’ என்றுதான் போடுகிறார். ஆங்கிலம் கொடுப்பதில் தொடங்கி விற்பதில் போய் நின்றுவிட்டது, தமிழ் இரண்டையும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை ஒரு பத்தியில் எழுதியிருந்தால் கட்டிய காசுக்கு அந்தத் தாவல் ஒன்றே போதும் என்றிருப்பேன்.

மரபுத்தொடர்ப் பகுதிதான் உச்சக்கட்டம். ‘ஐ ஆம் நாட் சோல்ட் ஆன் திஸ் ஐடியா’ என்பதற்கு ‘நான் இந்த யோசனையின் மீது விற்கப்படவில்லை’ என்று வந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, இது சரியாக வரும் என்று படவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒரு கருத்தை அடுத்தவர் ஏற்கும்படி செய்வதும் ஆங்கிலத்தில் செல்தான், அது கொஞ்சம் வியாபாரப் புத்தியோடு பேசுகிற மொழி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா!

‘டோன்ட் செல் யுவர்செல்ஃப் ஷார்ட்’ என்பதற்கு ‘உங்களைக் குட்டையாக விற்காதீர்கள்’. உங்களை நீங்களே குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று எழுத எவ்வளவு சிரமம்? இதே ‘செல் ஷார்ட்’ பங்குச் சந்தையில் வேறு வேலை செய்கிறது. விலை இறங்கும் என்று எதிர்பார்த்து, கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி இன்றைக்கு விற்று, இறங்கியதும் குறைந்த விலைக்கு வாங்கிக் கடனை அடைத்து, இடையில் இருப்பதை எடுத்துக்கொள்வது. விலை ஏறிவிட்டால் கதை கந்தல். இந்தப் பொருளைச் செயலி தொடவே இல்லை.

‘சோல்ட் அவுட்’ என்பதற்கு ‘விற்றுத் தீர்ந்தது’ என்று சரியாக இருக்கிறது. ஆனால் ஓர் ஆளைப் பற்றி ‘ஹி சோல்ட் அவுட்’ என்றால்? அதற்கும் ‘அவர் விற்றுத் தீர்ந்தார்’ என்றே வருகிறது. கொள்கையைக் காசுக்கோ பதவிக்கோ விட்டுக்கொடுத்தவரை நாம் ‘விலைபோய்விட்டார்’ என்போம். எவ்வளவு கச்சிதமான சொல், கையிலேயே இருக்கிறது, எடுத்து வைக்க ஆள் இல்லை. ‘செல் ஆஃப்’ என்பதும் அப்படித்தான், வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. ‘செல் அப்’ என்றால் பிரிட்டிஷ் வழக்கில் வீடு வாசல், தொழில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிளம்புவது, ‘செல் ஆன்’ என்றால் வாங்கியதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவது. மூன்றுக்கும் செயலி வைத்திருக்கும் பதில் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

சிரிப்பு நின்றுபோன இடமும் ஒன்று உண்டு. ‘செல் டவுன் த ரிவர்’ என்ற தொடரை ‘ஆற்றுக்குக் கீழே விற்றல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நாம் நம்பியவரே நம்மைக் கைவிடுவது, காட்டிக்கொடுப்பது என்பது பொருள். அது அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்துத் தொடர். வடக்குப் பகுதியில் வைத்திருந்த அடிமைகளை மிசிசிப்பி ஆற்றின் வழியாகத் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு விற்றுவிடுவார்கள். அங்கே வேலை இன்னும் கொடூரம், குடும்பத்தை மறுபடி பார்க்க வழியில்லை. 1865இல் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது, தொடர் மட்டும் மொழியில் தங்கிவிட்டது. இந்தப் பின்னணி தெரியாமல் ஒருவர் அலுவலகக் கூட்டத்தில் வேடிக்கையாக இதைப் போட்டுவிட்டால், எதிரில் இருப்பவர் முகம் மாறுவது ஏன் என்று அவருக்குப் புரியாது. அகராதி எச்சரிக்க வேண்டிய இடம் இது.

‘செல் பை டேட்’ என்பதற்குக் காலாவதித் தேதி என்று போட்டிருப்பதும் தவறு. அது கடைக்காரருக்கான தேதி, அதற்குள் விற்றுவிட வேண்டும். அதைத் தாண்டிய உடனேயே பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பாதுகாப்பு கருதிப் போடுவது ‘யூஸ் பை’.

ஒத்த சொற்கள் பட்டியலில் வெண்ட், பெடில், ஹாக், ஃப்ளாக் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன, ஏதோ ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துவிடலாம் என்பதுபோல. பெடில் என்றால் ஊர் ஊராகத் தூக்கிப்போய் விற்பது, வதந்தியையோ போதைப்பொருளையோ பரப்பி விற்பதற்கும் அதுதான். ஹாக் என்றால் தெருவில் கூவி விற்பது, அதைத் தட்டினால் செயலி ‘பருந்து’ என்ற பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. ஃப்ளாக் என்பதற்குச் சாட்டையால் அடி என்பது மட்டும் இருக்கிறது, பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் விற்பதையும் அப்படிச் சொல்வார்கள் என்பது இல்லை. பட்டியலில் சேர்த்தவருக்கும் பக்கம் எழுதியவருக்கும் அறிமுகமே இல்லை போல.

இவ்வளவுக்கும் நடுவில் ‘ஹார்ட் செல்’, அதாவது வாங்கும்வரை விடாமல் நெருக்கி விற்பது, என்பதை மட்டும் இந்தச் செயலி அருமையாக விளக்குகிறது, வார்த்தையில் அல்ல, செயலில். இலவசமாகப் பயன்படுத்திய முதல் மாதம் மூன்று சொல் தேடினால் ஒருமுறை திரை முழுக்க மறைத்து ‘உறுப்பினராகுங்கள்’ என்று கேட்டது. வேண்டாம் என்கிற பொத்தான் எறும்பு அளவில் ஒரு மூலையில். ‘இன்றோடு சலுகை முடிகிறது’ என்று பதினொரு நாள் தொடர்ந்து சொன்னது. பன்னிரண்டாம் நாள் எரிச்சல் தாங்காமல் கட்டிவிட்டேன், ஆக அந்த உத்தி வேலை செய்கிறது என்பதற்கு நானே சாட்சி.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பது உச்சரிப்புக்கும், இணையம் இல்லாமலேயே வேலை செய்வதற்கும், எழுத்துப் பிழையோடு தட்டினாலும் சொல்லைக் கண்டுபிடிப்பதற்கும். அவசரத்துக்கு ஒரு சொல்லின் முதல் பொருள் மட்டும் போதும் என்பவர்கள் இலவச வடிவத்திலேயே காலம் தள்ளலாம். ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள், குறிப்பாக வேலைக்காக எழுதுகிறவர்கள், ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி போல ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்கிற ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வினைக்குப் பின்னால் எந்த உருபு, எந்த அமைப்பு என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

மேலே சொன்ன பிழைகளில் ஒன்பதை எழுதிக் கருத்துப் பெட்டியில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு புதுப்பிப்பு வந்தது. ஹாக் சரியாகிவிட்டது, பருந்துக்குக் கீழே ‘கூவி விற்றல்’ என்று சேர்த்திருக்கிறார்கள். புத்தகம் இன்னும் விற்பனை செய்துகொண்டுதான் இருக்கிறது.