போலி வைரஸ் எச்சரிக்கை: டிஃபெண்டர் போதுமா, மால்வேர்பைட்ஸ் வேண்டுமா, ரீசெட்தான் வழியா?

திரை முழுக்கச் சிவப்பு, விடாத பீப் சத்தம், நடுவில் ஒரு தொலைபேசி எண். பயந்துபோய் அந்த எண்ணை அழைக்கிறவர்களும் உண்டு, நேராகக் கடைக்குத் தூக்கிப்போய் ஃபார்மட் அடிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. எந்த வழி சரி என்பது, கோளாறு எதுவரை உள்ளே வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வெறும் இணையப் பக்கம் என்றால் எந்த மென்பொருளும் தேவையில்லை. எஸ்கேப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை ரீஸ்டோர் செய்யவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும்.

வலது கீழ் மூலையில் "வைரஸ் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது" என்று அடிக்கடி எட்டிப் பார்ப்பது வேறு ரகம். அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள்: பிரவுசரின் பெயரும், சிறிய எழுத்தில் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். "ரோபோ இல்லை என்றால் அலோவ் அழுத்தவும்" என்று கேட்ட இடத்தில் நாமே கொடுத்த அனுமதி அது. அதனால்தான் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பெரும்பாலும் எதுவும் சிக்குவதில்லை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்களை நீக்கினால் இரண்டே நிமிடத்தில் தீரும்.

நிஜமாகவே ஏதோ ஒரு புரோகிராம் உள்ளே வந்துவிட்டது என்றால்தான் டிஃபெண்டரா, மால்வேர்பைட்ஸா என்ற கேள்வியே. இரண்டும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள். டிஃபெண்டர் விண்டோஸுடனேயே வருகிறது, காசு இல்லை. அதன் பலம் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் வழியாகத் தொடங்கலாம். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஓடிக்கொண்டே ஒளிந்துகொள்ளும் மால்வேருக்கு (கெடுதல் செய்யும் மென்பொருளுக்கு) வாய்ப்பு குறைவு. சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துவிடுங்கள்.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. திருட்டு ஆக்டிவேட்டர், கிராக் போன்றவை தங்கள் ஃபோல்டரை, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே, டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் சேர்த்துவிடும். அந்த இடத்தை ஸ்கேன் தொடாமலே "எல்லாம் சுத்தம்" என்று சொல்லும். ஸ்கேனுக்கு முன் அந்தப் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காததை எடுத்துவிடுங்கள். பலர் விடுவது இந்த ஒரு படியைத்தான்.

மால்வேர்பைட்ஸை இரண்டாவது கருத்துக்காக வைத்துக்கொள்வது நல்லது. தொடக்கத்தில் 14 நாள் பிரீமியம் சோதனைக்காலம் கிடைக்கலாம். அது முடிந்தபின் இலவசப் பதிப்பு நாமாக ஸ்கேன் செய்தால் மட்டுமே வேலை செய்யும், நிரந்தரக் காவல் இருக்காது. முகப்புப் பக்கம் மாறுவது, தேடல் வேறெங்கோ போவது போன்ற பிரவுசர் தொல்லைகளுக்கு அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இன்னும் பொருத்தம். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். நம் தீர்ப்பு: வீட்டுக்கு டிஃபெண்டரே காவல், இவை அவ்வப்போது சோதனைக்கு. காசு கட்ட அவசியமில்லை.

கிராக் செய்த செட்டப்பை ஓட்டியிருந்தால், அல்லது சுத்தம் செய்தது இரண்டு முறை திரும்பி வந்தால், ரீசெட்தான், அதாவது விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. "கீப் மை ஃபைல்ஸ்" என்ற தேர்வு கோப்புகளை வைத்துக்கொண்டு, நிறுவிய புரோகிராம்களை நீக்கும். இந்தச் சூழ்நிலையில் முக்கியமானவற்றை வெளி டிரைவில் நகல் எடுத்துவிட்டு "ரிமூவ் எவ்ரிதிங்" கொடுப்பதே மேல். டி டிரைவில் கிடக்கும் அதே செட்டப்பை மறுபடி ஓட்டினால் எல்லாம் வீண். குரோமில் சிங்க் (கணக்கு வழியாக அமைப்புகளைத் திரும்பக் கொண்டுவரும் வசதி) இருந்தால் கெட்ட எக்ஸ்டென்ஷனும், அதாவது பிரவுசரில் சேர்த்த துணைச் செயலியும், கூடவே திரும்பும். அதை முதலில் நீக்குங்கள்.

ரீசெட் கூடத் திருடுபோன பாஸ்வேர்டை மீட்டுத் தராது. யாருக்காவது எனிடெஸ்க் (தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் செயலி) வழியாக அணுகல் கொடுத்திருந்தால் உடனே வைஃபையைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கிக் கணக்கு எனப் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் சைன் அவுட் செய்யுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐயும் அழையுங்கள்.