பட்டையா, ஸ்டாரா, டார்க்ஸா? திருகாணித் தலைகள் ஓர் ஒப்பீடு

ஹார்டுவேர் கடையில் திருகாணி கேட்டால் நீளம் என்ன, பருமன் என்ன என்று விசாரிப்பார்கள். தலையில் எந்த வெட்டு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டார் பொட்டலம் ஒன்று தானாகவே மேசைக்கு வந்துவிடும். பிளைவுட் அலமாரிக்கும் அதுதான், தேக்குக் கதவின் கீலுக்கும் அதுதான். பூட்டும்போது எல்லாமே ஒன்றுபோலத்தான் இறங்கும். கழற்றும் நாளில்தான் குணம் தெரியும். ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று: சில ஆண்டுகள் கழித்து அந்தத் திருகாணி முரண்டு பிடிக்காமல் வெளியே வருமா?

பட்டை வெட்டிலிருந்து தொடங்கலாம். தலையில் நெடுக ஒரே கோடு. மின்சார டிரில்லுக்கு இது ஒத்துவராது. டிரில்லின் முனையில் மாட்டும் பிட்டை நடுவில் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால், அது பக்கவாட்டில் நழுவிப் பாலிஷ் போட்ட பலகையைக் கீறிவிடும். ஆனால் கையால் பூட்டும் பித்தளைக் கீலுக்கு இன்றும் நான் இதைத்தான் வாங்குவேன். பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் ஏறும் கதவில், கோட்டில் படிந்ததைக் கத்தி நுனியால் ஒரே இழுப்பில் சுரண்டிவிடலாம். ஸ்டார் குழிக்குள் இறுகிய பெயின்ட்டைக் குடைந்தெடுப்பதோ பல் வைத்தியம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பித்தளைக்கு வலு குறைவு. தேக்கில் நேராக முடுக்கினால் கழுத்து முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை முடுக்கிக் கழற்ற வேண்டும். மரத்தில் மரை விழுந்த பிறகு, பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவி முடுக்கினால் அலுங்காமல் இறங்கும்.

நாம் ஸ்டார் என்று சொல்வது பெரும்பாலும் கூட்டல் குறி வடிவக் குழி கொண்ட ஃபிலிப்ஸ். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து ஹென்றி ஃபிலிப்ஸின் பெயரில் வந்தது. 1936இல் காடிலாக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பயன்படுத்தியது. அதன்பின் வேகமாகப் பரவியது. காரணம் எளிது: பிட் தானாக நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், இயந்திரத்தால் சட்டென்று முடுக்கலாம். குறையும் அந்த வடிவத்திலேயே இருக்கிறது. குழியின் சுவர்கள் அடிநோக்கிச் சரிந்திருப்பதால், முறுக்கு கூடக்கூட அந்தச் சரிவே பிட்டை வெளியே தள்ளும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஜிப்சம் போர்டில் இந்தக் குணம் உதவிதான். திருகாணித் தலை மேல்காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போவதற்குள் பிட் விடுபட்டுவிடும். கடின மரத்தில் அதுவே தலைவலி.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி. உங்கள் சமையலறை அலமாரியில் கதவை மெல்ல மூடவைக்கும் சாஃப்ட் க்ளோஸ் கீலில் உள்ள திருகாணியை வெளிச்சத்தில் உற்றுப்பாருங்கள். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு நடுவே மூலைவாட்டில் மெல்லிய கீறல்கள் தெரிந்தால், அது ஃபிலிப்ஸ் அல்ல, போசிடிரைவ். இதன் சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தானவை; பிட்டை வெளியே தள்ளாது. ஐரோப்பிய வகைக் கீல்களில் இது சாதாரணம். ஃபிலிப்ஸ் பிட் இதற்குள் நுழையும், உட்கார்ந்ததுபோலவும் தோன்றும். ஆனால் லேசாக ஆடும். அதோடு நாலு முறை முடுக்கினால் வெள்ளிப் பொடி உதிர்ந்து குழி மழுங்கிப்போகும். பழி கீலின் மேல் விழும். பிட்டின் உடம்பில் பி.எச்.2 என்றிருந்தால் ஃபிலிப்ஸ், பி.இசட்.2 என்றிருந்தால் போசிடிரைவ். 3.5 முதல் 5 மி.மீ. வரையிலான திருகாணிகளுக்கு அந்த 2ஆம் எண்ணே போதும். கதவு தொங்கினால் கீலைச் சரிசெய்யத் திருப்பும் திருகாணியும் பெரும்பாலும் இதே வகைதான் என்பதால், வீட்டில் ஒரு பி.இசட்.2 கிடப்பது நல்லது.

பழைய ஜப்பானிய பைக்குகளில் இருப்பது இரண்டுமில்லாத மூன்றாவது கூட்டல் குறி. தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதற்கென்று உள்ள ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் எஞ்சின் மூடியில் கைவைக்காதீர்கள்.

ஆறு இதழ் வைத்த டார்க்ஸ் 1967இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனத்தில் உருவானது. இதழ்களின் சுவர் நிமிர்ந்து நிற்பதால் பிட்டை அழுத்திப் பிடிக்க வேண்டியதே இல்லை. திருகாணியைப் பிட்டில் மாட்டி ஒரு கையாலேயே பூட்டலாம். நீளமான திருகாணிக்கும் கட்டில் சட்டத்துக்கும் இதற்கு நிகரில்லை என்பது என் கட்சி. விலை கூடுதல்தான், சிறு கடைகளில் கிடைப்பதும் அரிது. கடையில் ஸ்டார் என்று கேட்காமல் டார்க்ஸ் என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் பழைய பொட்டலமே வரும். டார்க்ஸின் அளவைக் குறிப்பது டி எண்; டி25 குழியில் அதைவிடச் சிறிய டி20 பிட்டும் நுழையும் என்பது இன்னொரு கண்ணி. பெரிய பிட்டை முதலில் வைத்துப் பாருங்கள். அது நுழையாவிட்டால் மட்டும் சிறியதை எடுங்கள்.

கனடாவின் ராபர்ட்சன் கண்டுபிடித்த சதுரக் குழி இதற்கு மூத்தது, 1908ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஃபோர்டு நிறுவனம் கேட்ட உரிம ஏற்பாட்டுக்கு அவர் இசையவில்லை. அது பெரும்பாலும் கனடாவோடு நின்றுவிட்டது. நம் ஊரில் தேடி அலைய வேண்டாம்.

ஆலன் கீ போடும் அறுகோணக் குழி மரத்தைவிட இயந்திர போல்ட்டுக்கும் நாற்காலிக்கும் சைக்கிளுக்கும் உரியது. அங்குல அளவுச் சாவியை மி.மீ. குழியில் போட்டால் மூலைகள் உருண்டுவிடும், 5 மி.மீ. குழிக்கு 3/16 அங்குலச் சாவி ஏறக்குறைய பொருந்துகிறது என்பதே ஆபத்து.

புது அலமாரி செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால், சட்டங்களுக்கு டார்க்ஸ், கீலுக்குப் போசிடிரைவ் என்று தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் டி20 பிட் ஒன்றையும் பி.இசட்.2 ஒன்றையும் அலமாரியின் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். பின்னால் கழற்ற வருபவரிடம் பெரும்பாலும் பி.எச்.2 மட்டும்தான் இருக்கும்.